இந்தியா ரீச்சரின் அண்ணன்

இந்த வாரம் பத்து வயதுப் பெண் ஒருத்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் இல்லை... முழுசாக மூன்று நாள்.

இருபத்தேழு வருஷம் டீச்சர் வேலை பார்த்தவள் நான். பேப்பர் ராக்கெட் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தூங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் மாங்காயை உப்பு தொட்டுத் தின்ற ஒருத்தி இன்றைக்குத் தாசில்தார். ஆனால் சத்தம் போடாமல், மரியாதை குறையாமல், முகத்தை மட்டும் தராத பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல், யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக — பள்ளிக்கூடம் மயிலிட்டிக்குப் பக்கத்தில். நடத்துகிறவர்கள் கன்னியாஸ்திரிகள். அச்சுவேலிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் நாலைந்து தோட்டக்காரர் பிள்ளைகளைத் தவிர, மற்ற எல்லார் வீட்டிலும் அப்பா கடலுக்குப் போகிறவர். பாதிப் பிள்ளைகள் கத்தோலிக்கர்கள், பாதி சைவம். நெற்றியில் திருநீறோடு வந்து பரலோக மந்திரத்தை என்னை விடச் சரியாகச் சொல்லுகிறார்கள். யாருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

டீச்சரை இங்கே ரீச்சர் என்றுதான் சொல்லுகிறார்கள். ஏற்கெனவே நாலு ரீச்சர்கள் இருப்பதால், அடையாளத்துக்காக என்னை ‘இந்தியா ரீச்சர்’ என்கிறார்கள். எனக்கு அது லேசாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே பாஷை, ஒரே கடல், ஒரே அந்தோனியார்... பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டால் வெளிநாடு ஆகிவிடுமா என்று போன வாரம்கூட இங்கே வீராப்பாக எழுதியிருந்தேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ‘மை ஃபேமிலி’ பாடம். புத்தகத்தில் இருந்த குடும்பத்தில் அப்பா ஆபீசுக்குப் போகிறார், அம்மா கேக் செய்கிறார். நம் பிள்ளைகளுக்கு இது எதற்கு? என் குடும்பத்தையே சொல்லுவோமே என்று தோன்றியது. என் அண்ணனும் கடல்காரர்தானே. நாகப்பட்டினம் பக்கம் சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறார். சொன்னால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன்.

சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் அண்ணனின் படகைப் பெரிதாக வரைந்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிற படகு... மேல்தட்டு, கொடி, பின்னால் இழுத்துக்கொண்டு போகும் மடி வலை, ஒன்றும் விடவில்லை.

“றோலர்” என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு சின்னக் குரல்.

“ஆமா, ட்ராலர்தான். கரெக்டா சொல்லிட்டியே” என்று பாராட்டினேன். பாராட்டியதோடு விட்டேனா? எல்லாரும் திருப்பிச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன். “மை பிரதர் ஹேஸ் எ போட். மை பிரதர்ஸ் போட் இஸ் பிக்.”

சொன்னார்கள். பாவம், ரீச்சர் சொன்னால் சொல்லுகிற பிள்ளைகள். குரல் மட்டும் வழக்கத்துக்குக் கீழே போயிருந்தது. புது வாக்கியம், கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு தரம் சொல்ல வைத்தேன்.

முன் பெஞ்சில் இருந்த லக்சிகா மட்டும் வாயைத் திறக்கவில்லை. இன்ரேவல் மணி அடிக்கும் முன்பே எழுந்து வந்தாள். டஸ்டரை எடுத்தாள். கரும்பலகையைத் துடைப்பது அந்த வாரம் அவள் முறைதான். ஆனால் எழுத்தையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் படகை மட்டும் துடைத்தாள். மடி வலை இருந்த இடத்தை இரண்டாவது தரமும் துடைத்துவிட்டு வெளியே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பெஞ்சில் பக்கவாட்டாகத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் சொல்லுவாள், சுவரைப் பார்த்தபடி. நோட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவாள். புதன்கிழமை ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாயை நீட்டினேன். “வேண்டாம் ரீச்சர்” என்றாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் தலைமை சிஸ்டரிடம் போய் நின்றேன். அவர் கரும்பலகைக் கதையைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்கள் படம் கீறினது பிழையில்லை. றோலரைக் கீறினதுதான் பிழை” என்றார். “போன மாசம் அவளின்ரை தேப்பன்ரை வலையை இந்தியாவிலை இருந்து வந்த றோலர் அறுத்துக்கொண்டு போட்டுது. தெரியாதோ உங்களுக்கு?”

எனக்குத் தெரியாது. அதாவது... தெரியாது என்று சொல்லக் கூடாது. ட்ராலர்கள் இந்தப் பக்கம் வருவதும், வலைகள் போவதும் பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனையும் படகையும் இங்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டது. அப்போது இதே பக்கத்தில் அழுது எழுதினேன். உங்களில் எத்தனை பேர் ஆறுதலாகக் கடிதம் போட்டீர்கள்! அண்ணன் எதற்காக அவ்வளவு தூரம் வந்தார் என்று நானும் எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் லக்சிகா வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ளப் போனேனா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வாசலில் அவளுடைய அப்பா மீந்துபோன வலைத் துண்டுகளைப் போட்டு முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே மனைவிக்கும் குரல் கொடுத்தார்.

“வாங்கோ ரீச்சர், இருங்கோ. இஞ்சையப்பா, ரீச்சருக்குப் பிளேன்ரீ கொண்டுவாரும்.”

உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “எங்க அண்ணன்கிட்ட விசைப்படகு இருக்குங்க” என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

“தெரியும். பிள்ளை வந்து சொன்னவள்” என்றார். வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். “அங்காலை போன கிழமை காத்துக் கடுமை எண்டு கேள்விப்பட்டன். அண்ணை சுகமாய்க் கரைக்கு வந்திட்டாரோ?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை என்னால் தாங்க முடியவில்லை. என் அண்ணன் கரைக்கு வந்தாரா என்று நானே அந்த வாரம் போன் பண்ணிக் கேட்கவில்லை.

பால் விடாத அந்தப் பிளேன்ரீயைக் கொண்டுவந்த லக்சிகாவின் அம்மாவுக்கு இந்த மரியாதையெல்லாம் முடியவில்லை. “உவர் இப்பிடித்தான் ரீச்சர், மனசிலை வைச்சுக்கொண்டு கதைக்கமாட்டார். மிஞ்சினதை முடிஞ்சு முடிஞ்சு கொண்டு போறார். இன்னொருக்கா அறுத்தாங்கள் எண்டால் உவருக்குக் கடல் இல்லை. கொழும்புக்கு மேசன் வேலைக்குத்தான் போகவேணும். பிள்ளைக்கு அதுதான் பயம். தேப்பன் இல்லாட்டில் சோறும் இறங்காது அவளுக்கு.”

கதவுக்குப் பின்னாலிருந்து லக்சிகா வந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தேன்.

“ரீச்சர், உங்கடை அண்ணை எங்கடை வலையை ஏன் அறுத்தவர்?”

“சும்மா இரு பிள்ளை” என்றார் அப்பா. “அது அவரின்ரை போட் எண்டு ஆர் கண்டது? ரீச்சர் படிப்பிக்க வந்தவ. உதெல்லாம் அவவிட்டைக் கேக்கிற கேள்வியே?”

ஆனால் அவள் கேட்டுவிட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் பதில் தெரியாத டீச்சர் என்ன சொல்ல வேண்டும்? “எனக்குத் தெரியலம்மா. அண்ணன்கிட்டயே கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றேன்.

அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டேன். சாப்பாடு, தண்ணீர், வெயில், எல்லாம் விசாரித்தார். நான் விஷயத்துக்கு வந்தேன்.

“அண்ணே, மடி இழுக்கும்போது இந்தப் பக்கத்து ஆளுங்க வலை மாட்டுமா?”

“எதுக்கு இப்ப அதெல்லாம்?”

“சொல்லுங்களேன்.”

அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“மாட்டும்.”

“மாட்டினா?”

“அறுத்து விட்டுட்டு வருவோம். வேற என்ன பண்ணச் சொல்ற? நம்ம பக்கம் மீன் எங்க இருக்கு? நானும் மூணு பிள்ளை வச்சிருக்கேன்ல?” குரல் ஏறி, பிறகு தானாகவே இறங்கியது. “இத்தனை வருஷமா நீ இதக் கேட்டதே இல்லையே தாயி...”

கேட்டதில்லைதான். என் அண்ணன் கெட்டவர் இல்லை. பத்தொன்பது வயதில் படகேறிச் சம்பாதித்துத்தான் என்னை டீச்சர் ட்ரெயினிங் படிக்க வைத்தார். அதாவது, லக்சிகாவுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற இங்கிலீஷும் அந்தப் படகில்தான் வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்லுவது? சொன்னால் யாருக்கு என்ன லாபம்?

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடக் கேட்டருகே லக்சிகா எனக்காகக் காத்து நின்றாள்.

“கேட்டனீங்களோ ரீச்சர்?”

பிள்ளைகளிடம் பொய் சொல்ல ஆயிரம் அழகான வழிகள் உண்டு. டீச்சர்களுக்கு அத்தனையும் அத்துப்படி. அன்று ஒன்றும் வாயில் வரவில்லை.

“கேட்டேன். அங்க இழுக்கும்போது சில நாள் உங்க ஆளுங்க வலை மாட்டுமாம். அப்போ அறுத்து விட்டுடுவாங்களாம்.”

“அறுக்கேக்கை அது ஆரின்ரை வலை எண்டு பாக்கிறேல்லையோ?”

“பார்க்கிறதில்லையாம்மா.”

அவள் யோசித்தாள். அழவில்லை. “எங்கடை வலையிலை கட்டுற மிதப்புக்கு நான்தான் பெயின்ற் அடிச்சனான், மஞ்சள். மஞ்சள் எண்டால் எங்கடை. அவருக்குச் சொல்லிவிடுங்கோ.”

“சொல்றேன்” என்றேன். மணி அடித்தது நல்லதாகப் போயிற்று.

இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலைக் கூட்டத்தில் தினம் ஒரு பிள்ளை முன்னால் வந்து தன் சொந்த மன்றாட்டைச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளையோ சைவப் பிள்ளையோ, முறை வந்தால் வந்துதான் ஆக வேண்டும். எழுதிக் கொடுப்பது, திருத்துவது எதுவும் கூடாது என்பது சிஸ்டரின் கண்டிப்பு. தம்பிக்குக் காய்ச்சல் மாற வேண்டும் என்பார்கள். நாய் குட்டி போட வேண்டும் என்பார்கள். பிள்ளை எதைக் கேட்டாலும் சரி... சிஸ்டர், ரீச்சர்கள், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று பதில் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை லக்சிகாவின் முறை.

‘றோலர் எல்லாம் கடலுக்குள்ளை தாழ்ந்து போகவேணும்’ என்று கேட்டால்? கேட்க அவளுக்கு நியாயம் இல்லையா? கேட்டால் அந்தப் பதிலை நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்லாமல் எப்படி நிற்பேன்?

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“என்ரை அப்பாவும் இந்தியா ரீச்சரின்ரை அண்ணையும் கடலுக்குப் போறவை. ரெண்டு பேரும் சுகமாய்த் திரும்பி வீட்டை வரவேணும்...”

நிறுத்தினாள்.

“ரெண்டு பேரும் கடலிலை சந்திக்காமல் இருக்கவேணும்.”

‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.’

நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன் வரிசைப் பிள்ளைகள் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன செய்ய... அக்கரை வரைக்கும் கேட்க வேண்டுமே.