முகப்பில் வைத்த படம்

என் புகைப்படங்களுக்காகச் சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்கினேன். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா சிரிக்கும் படத்தை, அவரிடம் கேட்டுவிட்டு, முகப்பில் வைத்தேன். இடம் எதுவும் குறிப்பிடவில்லை.

மறுவாரம் வெப்சைட்டில் இருந்த என் நம்பருக்கு யாரோ ஒருவர் போன் செய்து அழுதார்.

"அது என் தங்கச்சி பாஸ். பல வருஷமா தேடுறோம். எங்க இருக்கா?"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க தம்பி. எங்கேன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் படத்தையும் எடுத்துடுங்க."

அவர் காரணம் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

படத்தை நீக்கிவிட்டு, அக்காவின் அண்ணனுக்குப் போன் செய்து அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நல்லா சாப்பிடுறாளா?" என்று மட்டும் கேட்டார்.

நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.