ஏழாவது நிறுத்தத்துக்கு ஒரு கை

ஹச்சினோஹே நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்கும் கூடத்தில் முப்பத்தொரு வருடமாக முட்டைக்கோஸ் நறுக்கும் பெண்மணி நாட்சுவே. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் 'அகாசாபி' ராக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டால் போதும், அண்டா அடிப்பிடித்தாலும் தெரியாது.

அந்தக் குழுவுக்கு முப்பத்தைந்து வயது. ஊரே கொண்டாடும் பாட்டுகள் எத்தனையோ இருக்க, நாட்சுவேவுக்குப் பிடித்தது ஒரு பழைய கேசட்டின் மறுபக்கத்தில் அநாதையாகக் கிடந்த 'ஏழாவது நிறுத்தம்'. தன் நிறுத்தம் வந்தும் இறங்க மனமில்லாமல் பேருந்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை மந்தம் என்று தினமும் திட்டு வாங்கிய நாட்சுவே, காலைப் பேருந்தில் அதைத்தான் கேட்பார். பாட்டில் வருகிறவள் கடைசிவரை இறங்கவில்லை. இவர் மட்டும் தினமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

அந்தப் பாட்டைக் குழு ஒரு தடவைகூட மேடையில் பாடியதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரசிகர் மன்றம் ஓட்டெடுப்பு நடத்தும். ஆளுக்கு ஒரு தபால் அட்டை. முதல் முப்பது பாட்டுக்குத்தான் மேடை. 'ஏழாவது நிறுத்தம்' எண்பது, எழுபது என்று மண்ணைக் கவ்விக்கொண்டே இருந்தது. இந்த வருடம், பாடகரின் தொண்டை கெட்டுவிட்டதால் இதுவே கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவிப்பு வந்தது. நாட்சுவே பதறிப்போய், கூட வேலை செய்யும் ரிட்சுகோவையும் மன்றத்தில் சேர்த்துவிட்டார். அவருடைய பாட்டு முப்பதாவதாக வந்தது. படியில் தொங்கிக்கொண்டாவது ஏறிவிட்டது.

"என் ஒரு ஓட்டுலதான் ஜெயிச்சுதுக்கா. டிக்கெட்டு உங்க செலவு" என்றாள் ரிட்சுகோ.

"எடுத்துட்டேன்டி. ஆனா அங்க வந்து முழிச்சிக்கிட்டு நிக்கக்கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் கை இருக்கு, எல்லாத்தையும் கத்துக்கணும்."

'கை' என்றால் கையசைவு. எந்த வரியில் விரலை உயர்த்துவது, எந்த வரியில் துண்டைச் சுழற்றுவது என்பதில் அரங்கமே ஒரே ஆளாக நிற்கும். தப்பாகக் கை தூக்கியவரை முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் பார்வைக்குப் பதில், கன்னத்தில் ஒரு அறை வாங்கிக்கொள்ளலாம்.

இருபத்தொன்பது பாட்டுக்கும் கை சொல்லிக்கொடுத்தார் நாட்சுவே. முப்பதாவதற்குக் கையே கிடையாது. மேடையேறாத பாட்டுக்கு யார் கை வைப்பார்கள்? அண்டா கழுவும்போது மட்டும், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், நாட்சுவே அதற்கு ஒரு கை போடுவார். பேருந்து மணியை அழுத்துவதுபோல் தலைக்கு மேலே இரண்டு தட்டு, பிறகு உள்ளங்கை மெல்ல இறங்கி நெஞ்சில் வந்து நிற்கும். காய் கழுவும் தொட்டிப் பக்கமிருந்து ரிட்சுகோ அதைப் பல நாள் பார்த்திருக்கிறாள்.

பயணத்தின் முதல் இரண்டு ஊர்களிலிருந்து வந்த செய்தி நல்லதாக இல்லை. முப்பதிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் நிகழ்ச்சி, அதனால் தொடக்கமே 'ஏழாவது நிறுத்தம்'தான். கை தெரியாத கூட்டம் அசையாமல் நின்றதாம். இன்னும் ஒரு ஊர் பார்ப்போம், இல்லையென்றால் அதைத் தூக்கிவிடலாம் என்று பாடகரே வானொலியில் சொல்லிவிட்டார். அந்த இன்னும் ஒரு ஊர் ஹச்சினோஹே. முப்பத்தொரு வருடம் காத்திருந்து, தன் பாட்டுக்குத் தன் ஊரிலேயே சமாதி கட்ட வேண்டுமா? ரிட்சுகோவிடம் அவர் மூச்சுவிடவில்லை. சொன்னால், நீங்களே ஆரம்பிங்க என்பாள். அந்தத் துணிச்சல் அவருக்கு ஏது?

அன்று மாலை அரங்கில் விளக்கு அணைந்து கிட்டார் எழுந்தது. அந்தப் பாட்டேதான். நாட்சுவே கையிலிருந்த துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டாயிரம் பேரும் பக்கத்திலிருப்பவரின் கையைப் பார்த்தார்கள்; யார் கையும் எழவில்லை. பல்லவி வந்தபோது பாடகரின் முகம் வாடியதை நாட்சுவே பார்த்தார். தூக்கு, தூக்கு என்று தன் கையை அதட்டினார். அது துண்டைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது.

பக்கத்தில் ரிட்சுகோவின் கை சர்ரென்று மேலே போனது. இரண்டு தட்டு. உள்ளங்கை நெஞ்சுக்கு.

"ஐயோ, என்னடி பண்றே!"

"என்னக்கா, மறந்துட்டீங்களா? அண்டா கழுவறப்போ நீங்க போடற கைதானே!"

அவள் கை போட்ட மிடுக்கைப் பார்த்தால் அகாசாபியோடு சேர்ந்தே பிறந்தவள்போல் இருந்தது. பின்வரிசையில், சாயம்போன சட்டைக்காரர் ஒருவர் மனைவியிடம், "நமக்குத்தான் தெரியல போல, போடு போடு" என்றார். அவர் கை எழுந்தது. அடுத்த பல்லவிக்கு அந்த வரிசை, அதற்கடுத்த பல்லவிக்கு மாடிவரை. பாடகர் பாதி வரியில் சிரித்துவிட்டார். பிறகு அவரும் தலைக்கு மேலே இரண்டு தட்டுத் தட்டினார்.

கடைசிப் பல்லவியில்தான் நாட்சுவேவின் கை எழுந்தது. அழுகையில் தாளம் தப்பித் தட்டினார். உள்ளங்கை நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது.

இருபத்தொன்பதாவது பாட்டு வெடித்தது. அரங்கம் முழுக்கத் துண்டுகள் சுழன்றன. ரிட்சுகோ முழங்கையால் இடித்தாள்.

"அக்கா! தப்பான கை! துண்டு, துண்டு! எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க."

நாட்சுவே நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாக்கட்டும்டி" என்றார்.