சங்கு ஊதினால் எந்தப் பக்கம்?

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு பகல். நாங்கள் மொன்றியல் நகரில், வில்லரே என்ற பகுதியில் இருக்கிறோம். டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. அன்று மெஷின் பழுதாகி, எங்களை மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். நாலு வயது மகளை வேளைக்கே கூட்டிப் போய், அவளுக்குப் பிடித்ததாக ஏதாவது சமைத்துக் கொடுக்கலாம் என்ற சந்தோஷத்தில் மெட்ரோவில் இருந்து இறங்கி நடந்தேன்.

மகளை விடுகிற வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி. கசகஸ்தானில் இருந்து வந்த, ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி அனுமதி எடுத்துத் தன் வீட்டிலேயே நாலு பிள்ளைகளைப் பார்த்து வந்தார். அவருக்கு அது ஒன்றுதான் வருமானம். அதிகம் பேசமாட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டும்தான். ஆனாலும் அவர் வைக்கும் சூப்பைக் குடித்துத்தான் என் மகளின் கன்னமே உப்பியது.

அந்த நாட்களில் பக்கத்துத் தெருவில் ஒரு புதுக் கட்டடத்துக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்கும் முன் எச்சரிக்கைச் சங்கு விட்டு விட்டு ஊதும். அடுத்து நிலம் ஒருதரம் அதிரும், அலமாரிக்குள் கோப்பைகள் முட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்தது என்று சொல்ல நீளமாக இன்னொரு சங்கு.

வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையில் நான் வரும்போது முதல் சங்கு ஊதியது. நிலமும் அதிர்ந்தது. அவர் வீட்டுப் பின்படலையைத் தள்ளித் திறந்தேன்.

வளவில், மேப்பிள் சருகுகளுக்குள், நாலு பிள்ளைகளும் வரிசையாகக் குப்புறக் கிடந்தார்கள். முகம் மண்ணில், கைகள் தலைக்கு மேலே. வரிசையின் முடிவில் அந்தப் பெண்மணியும் அப்படியே கிடந்தார். அவரது ஒரு கை பக்கத்தில் கிடந்த பிள்ளையின் முதுகில் இருந்தது. யாரும் அசையவில்லை. நாலு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கைக்குக் கீழே இருந்தது என் மகளின் சிவப்பு ஜாக்கெட். அப்படி வரிசையாகக் கிடத்தப்பட்டவர்களை நான் சின்ன வயதில், ஊரில் சண்டை நடந்தபோது, ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் பிறகு எழும்பவில்லை.

நீளச் சங்கு ஊதியது. பிள்ளைகள் எழும்பி உடுப்பில் ஒட்டிய சருகைத் தட்டினார்கள். ஒரு குழந்தை சிரித்தது. என் மகள் எதுவுமே நடக்காதது போல ஓடி வந்தாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வாயில் வந்ததையெல்லாம் தமிழிலேயே கத்தினேன். கன்னத்தில் ஒரு இலை ஒட்டியிருக்க, அந்தப் பெண்மணி "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம் கணவருக்குச் சொன்னேன். "நீர் ஏன் யோசிக்கிறீர்? அனுமதி குடுத்த கந்தோருக்கு எழுதி அனுப்பும். அந்த மனுசிக்கு மூளை தட்டிப்போச்சு" என்றார். எழுதினால் அவருடைய அனுமதி போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் லீவு போட்டு மகளை வீட்டில் வைத்துக்கொண்டேன். பகல் பதினொரு மணியளவில் கடிதம் முடிந்தது. அனுப்பப் போகிற நேரம் சங்கு ஊதியது.

அடுத்து எனக்கு நினைவு வரும்போது நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே கிடக்கிறேன். மகள் என் வயிற்றுக்குக் கீழே. என் கைகள் அவளுடைய காதுகளைப் பொத்தியிருக்கின்றன. "வாயைத் திற, வாயைத் திற" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செவிப்பறை வெடிக்காமல் இருக்க, ஊரில் குண்டு விழும்போது பங்கர்க் குழிக்குள் என் அம்மா எனக்குச் சொன்னது அது. நான் சொல்லும் முன்னமே மகள் வாயை அகலத் திறந்து வைத்திருந்தாள். அப்போதுதான் உறைத்தது. என்னோடு இப்படிக் கிடப்பது அவளுக்கு முதல் தடவை இல்லை.

நிலம் அதிர்ந்து அடங்கியது. அவள் அமைதியாகக் கேட்டாள்: "அம்மா, உங்களோடை எண்டால் மேசைக்குக் கீழை. அங்கை எண்டால் வெளியிலை. பள்ளிக்கூடத்திலை எங்கை போறது?"

கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

அவர் அழுது வீங்கிய கண்ணோடு கதவைத் திறந்தார். மற்றப் பிள்ளைகள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஒரு சின்னப் புத்தகமும் எழுதிய தாள்களும் கிடந்தன. உடைந்த பிரெஞ்சில் மெல்ல மெல்லச் சொன்னார். சோவியத் காலத்தில் அணுகுண்டு சோதித்த வெளிக்குப் பக்கத்தில்தான் அவருடைய ஊர். சோதனைக்கு முன் அதிகாரிகள் வந்து, வீடு இடிந்து விழலாம், எல்லோரும் வெளியே போங்கள் என்பார்களாம். பிள்ளைகள் வெட்டவெளியில் குப்புறப் படுப்பார்கள். பிறகு வந்து படிந்த கதிர்வீச்சுப் புழுதியை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு இப்போது அந்த நாட்டு அரசாங்கம் நட்டஈடு கொடுக்கிறது. அதற்கு அத்தாட்சிதான் அந்தச் சின்னப் புத்தகம். ஊரில் இருந்த வருடங்களை எழுதி முத்திரை குத்தியிருந்தது.

அவருக்குப் புத்தகம் இருக்கிறது. ஊரிலேயே இருக்கும் தங்கைக்கு, கழுத்தில் கட்டியோடு இருப்பவருக்கு, இல்லை. தங்கை படித்த பள்ளிக்கூடத்தின் பதிவேடு தொலைந்துவிட்டதாம். கூட இருந்தவர் சாட்சி எழுத வேண்டும். அந்தச் சாட்சியத்தைத்தான் அக்கா ஒரு கிழமையாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தாளில் சின்னச் சின்னக் கோடுகளை வரிசையாகக் கீறியிருந்தார். ஒவ்வொரு கோடும் அன்று வெளியில் படுத்த ஒரு பிள்ளை, பக்கத்தில் பெயர். பல பெயர்களுக்கு நேரே, இறந்துவிட்டார்கள் என்று, சிலுவைக் குறி.

அந்தத் தாளை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் முதல் நாள் சங்கு ஊதியிருக்கிறது. பிள்ளைகளைப் படுக்கச் சொல்லவில்லை என்றார். தன்னை அறியாமலே எழும்பிப் போய்த் தான் மட்டும் படுத்திருக்கிறார். பிள்ளைகள் தாங்களாகவே பின்னால் வந்து வரிசையில் படுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு சின்ன உடம்பு வந்து ஒட்டியதும், தங்கைதான் என்று நினைத்து அதன் முதுகில் கையை வைத்தாராம்.

இங்கே என்னுடைய அகதிக் கேசுக்கு ஊரில் நடந்ததை எழுதிய நாட்களில், எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் நானும் இருந்தவள்தான். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

கடிதத்தை அழித்தேன். மற்ற மூன்று தாய்மாருக்கும் நடந்ததை அவரே சொன்னார். ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். கட்டடக்காரரிடம் வெடி வைக்கும் நேரங்களைக் கேட்டு வாங்கினேன். அந்த நேரங்களில் அவர் பிள்ளைகளைத் தூரத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். அடுத்த வருடம் தங்கைக்குப் புத்தகம் கிடைத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கை நிற்கிற படத்தை அக்கா ஃபோனில் காட்டினார்.

கட்டடம் எழும்பி ஆட்களும் குடிவந்துவிட்டார்கள். என் மகளுக்கு இப்போது ஏழு வயது. இடி இடித்தால் அவள் அழமாட்டாள், என்னிடம் ஓடி வரவும் மாட்டாள். வாசல் கதவைத் திறந்து, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, வாயைத் திறந்தபடி நிற்பாள். சண்டையையும் காணாத, குண்டையும் காணாத அந்தப் பிள்ளைக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர்கள் அந்தப் பெண்மணியும் நானும்தான் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.