பட்டை நீளமாக இருந்த கார்டு

என் மகள் என்னிடம் கடைசியாக யோசனை கேட்டது ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பற்றி. கேட்டாள் என்பதுகூட மிகை. வண்டிச் சாவி எங்கே என்றுதான் கேட்டாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்டேன். அங்கே ஆரம்பித்தது.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டியதுபோலக் கம்ப்யூட்டரில் படமாக்கும் வேலையை அவள் படித்திருந்தாள். சென்னையில் ஒரு நிறுவனம் அவளுக்குப் பரீட்சை வைத்திருந்தது. ஒரு ஓட்டலின் முகப்பு மண்டபத்தை அரை நிமிடப் படமாகச் செய்து பத்து நாளில் அனுப்ப வேண்டும். நன்றாக வந்தால் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் வரைகிற கார்டுக்கு அந்தச் சக்தி இல்லை. ஊரில் ஒரு கடையில் பன்னிரண்டு ஜிபி மெமரி உள்ள கார்டு ஒன்றே ஒன்று இருந்தது. அதை வாங்கத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அது போன வருச மாடல்லா?" என்றேன். "பொறு. பாத்துச் சொல்லுதேன்."

பார்க்க ஆரம்பித்தேன். இந்தக் கார்டுகளின் பெரிய வேலை ரே ட்ரேசிங். அதாவது, விளக்கிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒளிக்கதிரும் எதில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போட்டு நிழலையும் பளபளப்பையும் வரைவது. அதை எந்தக் கார்டு வேகமாகச் செய்கிறது என்று சோதித்துப் பட்டைப் பட்டையாக வரைபடம் போடுவதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். வினாடிக்கு எத்தனை படம் வருகிறதோ, அவ்வளவு நீளம் பட்டை. மூன்று நாள் ஆபீசில் உட்கார்ந்து அத்தனையையும் எக்செல்லில் ஏற்றினேன். நான் வேலை பார்ப்பது உப்பு ஏற்றுமதி செய்யும் ஆபீசில். ஏற்றுமதிப் புள்ளிவிவரம் தயாரிக்கிறேன் என்று நினைத்து மேனேஜர் எனக்கு டீ சொன்னார்.

முடிவு தெளிவாக இருந்தது. புது மாடலின் பட்டை பழையதைப்போல இரண்டு மடங்கு.

பக்கத்து நாற்காலியில் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; ஆபீசில் எல்லோருக்கும் அவர் காக்கா. வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"இதையெல்லாம் இங்கனயா வாங்குவாங்க அண்ணாச்சி? தம்பி அடுத்த வாரம் துபாய்லேர்ந்து வாரான். பெட்டில போட்டுக் கொண்டாந்துருவான்."

அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை. மின்சாரத்தில் ஓடுகிற எதையும் உள்ளூர்க் கடையில் வாங்குவது எங்கள் ஊரில் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரியம். ரேடியோ கப்பலில் வந்தது. டேப் ரெக்கார்டர் கப்பலில் வந்தது. கப்பல் போய் விமானம் வந்தாலும் புத்தி துறைமுகத்தில்தான் நிற்கிறது. கடல் தாண்டி வந்தால் நல்ல சாமான்.

மகள் சண்டை போட்டாள்.

"ப்பா, புதுசுல எட்டு ஜிபிதான். என் சீன் அதுல ஏறாது."

"ஏளா, பட்டையப் பாரு. ரெண்டு மடங்கு."

"அது கேம்முக்குப்பா. நான் விளையாடவா போறேன்?"

"வெளிச்சம் வெளிச்சந்தானே. கேம்ல விழுந்தா ஒண்ணு, லாட்ஜ்ல விழுந்தா ஒண்ணா?"

"லாட்ஜ் இல்லப்பா. ஓட்டல்."

என் மனைவி குறுக்கே வந்து, "மூணு நாளா எழுதிக்கிட்டுக் கெடக்காருல்லா. சரியாத்தான் இருக்கும்" என்றாள். திருமணமாகி முப்பது வருடத்தில் அவள் என்னை நம்பிய சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. வீட்டில் புத்தகம் படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் இப்படி ஒரு மரியாதை. மகள் சாவியை ஆணியில் மாட்டினாள்.

கார்டு ஏழாம் நாள் வந்தது. வெறும் மண்டபத்தை ஓட்டியபோது படம் பறந்தது. "பாத்தியா?" என்றேன். அவள் தொட்டிச் செடிகளை வைத்தாள், நடுவில் தண்ணீரை விட்டாள், கண்ணாடிச் சரவிளக்கைத் தொங்கவிட்டாள். மெமரி போதவில்லை என்று ஒரு வரி வந்து எல்லாம் நின்றது. மறுபடி ஓட்டினாள். மறுபடி அதே வரி. செடிகளின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள். பல் டாக்டர் வரவேற்பறையில் இருக்கும் பிளாஸ்டிக் செடிபோல ஆனது.

நான் கடைக்கு ஓடினேன். அந்த ஒரு கார்டு முந்தாநாள் விற்றுவிட்டது. துபாய்க் கார்டை மாற்றித் தர இங்கே ஆளில்லை.

திரும்பி வந்தபோது என் எக்செல்லைத் திறந்து வைத்திருந்தாள். நான் படமெடுத்து ஒட்டியிருந்த வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. புதுக் கார்டு, தான் உண்மையில் கணக்கிட்ட இரண்டு படங்களுக்கு நடுவே இன்னொன்றைத் தானே ஊகித்துச் செருகும். அப்படிச் செருகியதையும் சேர்த்துத்தான் அந்த நீளம். அதை எடுத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

"உப்புல ஈரத்தக் கழிச்சிட்டுத்தானே எடை போடுவீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இதுல ஏன்ப்பா கழிக்கல?"

ஈரம் கழிப்பது என் வேலை. இருபத்தைந்து வருடமாகக் கழிக்கிறேன். வாங்குகிறவன் ஏமாறக் கூடாது, விற்கிறவன் ஏமாற்றக் கூடாது என்று புது ஆட்களுக்குப் பாடம்கூட எடுப்பேன்.

சரவிளக்கும் தண்ணீரும் இல்லாமல் படத்தை அனுப்பினாள். அதற்கே இரண்டு நாள் கூடுதலாகக் கேட்க வேண்டியிருந்தது. இடம் நிரம்பிவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை எனக்குக் காட்டவில்லை. மேசையில் திறந்து கிடந்ததால் படித்தேன்.

இப்போது ஊரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறாள். மணமக்களுக்குப் பின்னால் சுவிட்சர்லாந்து வைக்கிற வேலை. அதற்கு எந்தக் கார்டும் போதும்.

போன வாரம் மறுபடி எங்கோ விண்ணப்பித்திருக்கிறாள் என்று மனைவி வாய்தவறிச் சொன்னாள்.

"எந்தக் கம்பெனி?"

"அதை ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கா."

"நான் என்ன செஞ்சிருவேன்?"

"வேற ஒரு கம்பெனிய பக்கத்துல வச்சுப் பாக்க ஆரம்பிச்சிருவியளாம். அதுக்குள்ள தேதி போயிருமாம்."

கடைசித் தேதி என்றைக்கு என்றாவது கேட்க நினைத்தேன். கேட்காமல் இருப்பதுதான் இந்த முறை நான் செய்யக்கூடிய உதவி என்று பட்டது.