அண்ணன் வாயில் நான் தடவிய கிராம்பு எண்ணெய்

எங்கள் அண்ணன் மட்டாஞ்சேரியில் பிறந்து, மட்டாஞ்சேரியில் மூட்டை சுமந்து, மட்டாஞ்சேரியிலேயே கண்மூடினார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா சீக்கிரம் போய்விட்டதால், மீசை அரும்பும் முன்பே மிளகு கோடவுனில் சுமை தூக்கப் போனார். என்னை வளர்த்தது அந்த முதுகுதான். இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்றார்கள். மன்னிக்கவும், அண்ணனுக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும். எனக்கு வந்தால் அகப்பை பறக்கும். இது தெருவுக்கே தெரியும்.

புகையிலை புற்றாகி அவர் கன்னத்தைத் தின்றது. கதிர்வீச்சு தொடங்கும் முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்கள். நர்ஸ் தன் மலையாளத் தமிழில் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "சேச்சி, உப்பும் சோடாப்பொடியும் கலக்கின தண்ணியில அடிக்கடி வாய் கொப்பளிக்கணும். காரம் ஒண்ணும் வேண்டா, கேட்டோ. சிகிச்சைய இடையில நிறுத்தவும் கூடாது."

மூன்றாம் வாரம் வாய் வெந்து தோலுரிந்தது. எச்சில் விழுங்க முடியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "இனி போகமாட்டேன். செத்தா சாகிறேன்" என்றார். உப்புத் தண்ணீர் என்னத்தைக் கிழித்தது என்று எனக்கும் ஆத்திரம். நான் கோடவுனில் கிராம்பு பொறுக்கித் தரம் பிரிக்கிறவள். பல்வலியானாலும் வெட்டுக்காயமானாலும் பஜாரில் எங்களுக்குக் கிராம்பு எண்ணெய்தான். விரலில் தொட்டு அவர் புண்ணில் தடவினேன், பாவி!

அவர் அலறியதில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. "கொல்லவாடி பாக்குற, மூதேவி!" என்று எட்டி உதைத்தார். அம்மிக்கல்லில் மோதி என் உதடு கிழிந்தது. நானும் விடவில்லை. சொம்பை எறிந்தேன், அவர் நெற்றி புடைத்தது.

"பொகையிலைய நீ தின்னுட்டு, ஒதை நான் வாங்கணுமா? ஒனக்கு வாய்க்கரிசி போடத்தான் நான் இருக்கேனா?" என்று கத்தினேன்.

அண்ணன் என் வாயில் வழிந்த ரத்தத்தையே பார்த்தார். உள்ளே போய் உப்புத் தண்ணீரை இரண்டு டம்ளரில் கொண்டுவந்தார். கொப்பளி என்று கையைக் காட்டினார். எரிச்சலில் எனக்குக் கண் இருட்டியது. அவர் இத்தனை நாள் பட்டது அப்போதுதான் உறைத்தது. வாசல் ஓடையோரம் நின்று மாறி மாறித் துப்பினோம்.

மறுநாள் அவராகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நான் நர்ஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "எந்தா சேச்சி இது! வேதனைன்னா எங்ககிட்ட பறையண்டே?" என்று திட்டித் தீர்த்துவிட்டு டாக்டரை அழைத்தார். சாப்பாட்டுக்கு முன் வாயை மரத்துப்போகச் செய்யும் மருந்து கொடுத்தார்கள். வாய் திறந்து கேட்காதது எங்கள் தப்பு.

ஒருநாள் தவறாமல் சிகிச்சையை முடித்தார் அண்ணன். தாடை இறுகாமலிருக்க ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லிடையே அடுக்கிப் பழகினார். எரிச்சல் வந்தால் குச்சி என்மேல் பறக்கும். பிறகு கப்பைக்கிழங்கும் மீனும் தின்னுமளவு தேறினார். அவரைக் கொண்டுபோனது புற்று அல்ல, மாரடைப்பு. கையில் பாதி குடித்த சாயா இருந்தது.

திட்டித் திருத்திய நர்ஸுக்கும், டாக்டர்களுக்கும், மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்து அண்ணனைத் தூக்கிய தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அன்று கத்திய வார்த்தை பலித்தது. வாய்க்கரிசி நானும் போட்டேன். கிராம்பு வாடை போகக் கையை மூன்று முறை கழுவியிருந்தேன். ஆனாலும் அண்ணனுக்கு எரியுமோ என்று, உதட்டில் விரல் படாமல் உதிர்த்தேன்.