பம்புக்குத் தெளித்த பன்னீர்

ஆண்டவரின் நிழலில் இளைப்பாறும் எங்கள் அண்ணனை நினைத்து, அவருடைய தங்கையாகிய நான் எழுதுவது. எனக்கு எழுத்து மெள்ளத்தான் வரும். உறவுகள் பொறுத்து வாசியுங்கள்.

அண்ணன் பிறந்தது காலடிப்பேட்டையில். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, நாங்கள் சிறுசாக இருக்கும்போதே போய்விட்டார். பிறகு அண்ணன்தான் டாக்ஸி ஓட்டி அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். ஞாயிறு பூசைக்குக் கிளம்புமுன் வண்டியின் பெட்ரோல் பம்பைக் கவனித்துவிட்டுத்தான் குளிப்பார். பம்பின் தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். துருவும் தண்ணீரும் அதில்தான் தங்கும். கழற்றி, பெட்ரோலிலேயே அலசி, கார்க் வளையம் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மாட்டுவார். வளையம் கெட்டால் பம்பு காற்றை இழுக்குமாம். பீடியோடு யாரும் கிட்டே போகக்கூடாது.

"இது இன்னா வேல செய்யுதுண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரு அடிபம்பு கீதே, அது மாதிரிதாம்மா. உள்ள ஒரு ரப்பர் துணி. இஞ்சின் சுத்தசொல்ல அது எறங்கி டேங்க்லேர்ந்து பெட்ரோல இஸ்துக்கும், ஏறி இஞ்சினுக்குத் தள்ளும். சூடு மட்டும் ஆவாது. பெட்ரோல் ஆவியாப் பூட்ச்சின்னா, எவ்ளோ அட்ச்சாலும் வெறும் காத்துதான்."

அது எனக்கு விளங்கியது என் கல்யாணத்தன்று.

அறுபதுகளின் கடைசி, மே மாத வெயில். ராயபுரத்து மாதா கோயிலில் பத்து மணிக்குப் பூசை. அடுத்து இன்னொரு கல்யாணம் இருந்ததால், நேரம் தவறினால் அன்றைக்குத் தாலி ஏறாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணன் கோட்டு மாட்டிக்கொண்டு வருவதற்குள் தாய்மாமன் வண்டியின் முகமே தெரியாதபடி மாலைகளைக் கட்டிவிட்டார்.

"இன்னா மாமா, காத்து பூற எடமே இல்ல?"

"கல்யாண வண்டி மொட்டையாவா போவும்? எட்றா நைனா!"

மாமாவை எதிர்த்துப் பேசாதவர் அண்ணன். எடுத்தார். டோல்கேட் நெரிசலில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

"இன்னா மாமு, பொண்ணுக்கு மாப்ள புடிக்கலியா?" என்றாள் மீன்கூடைக்காரி ஒருத்தி. ரோடே சிரித்தது. எனக்குக் கண்ணீர் முட்டியது.

அண்ணன் இஞ்சின் மூடியைத் திறந்தார். "மாமா, பூவ அவுரு. பம்பு கொதிக்குது." கோட்டைக் கழற்றினார், துண்டைப் பம்பின்மேல் சுற்றினார். தண்ணீர் இல்லை. அத்தை மடியிலிருந்த பன்னீர்க் கூஜாவைக் கேட்டார்.

"அய்யய்யோ! மாப்ள வூட்டுக்காரங்களுக்கு இன்னாத்த தெளிக்கறது?"

"மொதல்ல பொண்ணு போய்ச் சேரட்டும் அத்த!"

பன்னீர் முழுவதும் துண்டில் போயிற்று. ஆறியதும் பம்பின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி அடித்தார். "தங்கச்சி, இங்க பாரு!" கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் பொங்கி ஏறியது. என் கண்ணுக்கு அது சரமாலையைவிட அழகு.

பூசை மணி அடிக்கும்போது இறங்கினோம். மாப்பிள்ளை வீட்டார் பன்னீர் எங்கே என்றார்கள். "வண்டிக்குத் தெளிச்சாச்சு" என்றார் மாமா, ஒன்றும் நடக்காதவர்போல.

கடைசி மாதங்களில் மூச்சு இரைத்தபோதும் அண்ணன் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிச் சிரிப்பார். அவரைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், டாக்ஸி ஸ்டாண்டு தோழர்களுக்கும் கைகூப்புகிறேன். போன வருடம் அடக்கத்தன்று இறுதி ஊர்வல வண்டியின் முன்பக்கம் மாலைகளை அடுக்கப் போனார்கள். நான்தான் தடுத்தேன்.

"முன்னால வேணாம்பா, பக்கத்துல கட்டு. எங்க அண்ணன் போற வண்டி, வழில நிக்கக்கூடாது."