முப்பத்தொரு கப்பல்களுக்கு உறை

ஒன்பது வயதில் எனக்குச் சொந்தமாக முப்பத்தொரு கப்பல்கள் இருந்தன. கடலை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஹட்டனுக்கு மேலே, வெயில் விருந்தாளிபோல் எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் எட்டுக் காம்பராக்கள். கடைசிக் காம்பராவில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான், என் கப்பல்கள். அப்பா நான் நடை பழகுவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமாதான் எங்களுக்கு எல்லாம்.

கப்பல்கள் என்றால் படங்கள். கொழும்பிலிருந்து வரும் ஒரு சூயிங்கம் பொட்டலத்துக்குள் சின்ன அட்டைப் படம் ஒன்று இருக்கும். முன்னால் வர்ணத்தில் கப்பல், பின்னால் அதன் பெயரும் நம்பரும். மொத்தம் முப்பத்தாறு. சூயிங்கம் வாங்கி மெல்லுகிற வசதி எங்களுக்கு ஏது? மென்றவர்கள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டுப் பையன்கள். அவர்களுக்குக் கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்தும், கொட்டை எழுத்தில் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அந்தப் பையன்கள் வாத்தியாரிடம் நல்ல பெயர் வாங்கியது என் புண்ணியத்தில்தான். இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லுவார்களா என்று பார்க்கிறேன், ஒருவரும் சொல்லக் காணோம்.

படங்களைத் தொடுவதற்கு என்னிடம் சட்டம் இருந்தது. கையைக் கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகுதான் தொட வேண்டும். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. கொழுந்துக் கறை ஏறிய விரலோடு அம்மா ஒருநாள் ஒன்றை எடுத்துப் பார்த்ததற்கு நான் போட்ட கூச்சலில் அடுத்த காம்பராக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். “பெரிய தொர ஊட்டுச் சாமான்! போடி இவளே!” என்று அம்மா அதை வீசிவிட்டுப் போனாள். நான் அதைத் துடைத்து எடுத்து வைத்தேன்.

அம்மாவையாவது தடுக்கலாம். ஈரத்தை என்ன செய்வது? ஆடி மாதம் பிறந்தால் எங்கள் காம்பராவில் சுவர் வியர்க்கும், கம்பளி நசநசக்கும், உப்பு தண்ணீராகிவிடும். அந்த வருஷம், கப்பல்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தால் ஒன்பதாம் நம்பர் கப்பலும் பதினோராம் நம்பர் கப்பலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தேன். ஒன்றின் பாய்மரம் மற்றதின் முதுகோடு போய்விட்டது. மற்ற படங்களின் ஓரத்தில் பஞ்சுபோல வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம்.

ஒருநாள் முழுக்க அழுதேன். மறுநாள் காலையில், இனி ஒரு கப்பலைக்கூட விடப் போவதில்லை என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். இதை என் வீட்டுக்காரர் பிற்காலத்தில் அனுபவித்துத் தெரிந்துகொண்டார், பாவம்.

முதலில் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாள். பெக்டரியிலிருந்து மாமா கிழிசல் துண்டுகளைக் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு படத்தையும் பொட்டலம் கட்டினேன். ஈரம் ஏறவில்லை, ஆனால் கப்பலும் தெரியவில்லை. பார்க்க ஆசைப்பட்டுத் தினமும் பிரித்ததில் ஈரம் உள்ளே வந்துவிட்டது. அடுத்து, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று ஒரு பிடி அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து டின்னுக்குள் வைத்தேன். கூப்பன் அரிசியைப் பாழாக்கினேன் என்று முதுகில் இரண்டு விழுந்தது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். கப்பல்கள் காய்ந்தன, கூடவே புகையில் மஞ்சளாகின. எனக்கு வேண்டியது உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, தண்ணீர் புகாத ஓர் உறை. அதை மாமாதான் கொண்டுவந்தார், அவருக்கே தெரியாமல்.

மாமாவுக்குப் பெக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இருமல் உண்டு. தூசி இருமல் என்று யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. மாமாவின் இருமல் மட்டும் விடாமல் தொடர்ந்தது, ஆளும் மெலிந்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவரை நாங்கள் டாக்டரய்யா என்போம். அவர் மாமாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சைப் படம் பிடிக்கச் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வரும் பெரிய டாக்டர். அவர் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மாமா ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட பெரிய உறையைப் பிரித்துப் படத்தைத் தூக்கிக் காட்டியபோது, அம்மா விலா எலும்புகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாயைப் பிளந்தேன். கண்ணாடி மாதிரி, ஆனால் வளைகிறது, உடையாது, தண்ணீர் ஊறாது!

“ஆஸ்பத்திரியில இருக்க ஒரு ஆளு, பழைய படத்தச் சோடாத் தண்ணியில ஊறப்போட்டுத் தேச்சுக் கழுவுறாரு பாப்பா. கறுப்பெல்லாம் போயி வெறும் கண்ணாடியாட்டம் ஆயிருது. சாமிப் படத்துக்கு அதுல உறை தச்சு வச்சிருக்காரு” என்றார் மாமா.

“எனக்குக் குடுங்க மாமா!”

“பெரிய டாக்டர் பாத்துட்டா அப்பறம் அது ஒனக்குத்தான். அது வரைக்கும் தொடக் கூடாது.”

உறையை டிரங்குப் பெட்டிமேல் வைத்துவிட்டு, தை மாதக் கல்யாணத்தைப் பற்றி அம்மாவோடு பேசப் போய்விட்டார். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருக்குப் பெண் பார்த்து முடித்திருந்தது.

பன்னிரண்டு நாள்! பதினேழாம் நம்பருக்கு அதற்குள் புள்ளி விழத் தொடங்கியிருந்தது. நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் எனக்கு நியாயம் தெளிவாகிவிட்டது. எனக்கென்று சொல்லிவிட்ட பொருளைக் கொஞ்சம் முன்னதாக எடுப்பது திருட்டாகுமா? படத்தை உருவினேன். உறை ஒல்லியாகத் தெரியக் கூடாதென்று அதே அளவுக்கு ஈயத்தாளை மடித்து உள்ளே வைத்தேன். படத்தை என் படுக்கைச் சாக்குக்கு அடியில், ஈரத் தரையில், ஒளித்தேன். அதன்மேல் இரண்டு இரவு படுத்தேன்.

ஏழாம் நாள் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன். அம்மா கொழுந்து பறிக்க மலைக்கும் மாமா பெக்டரிக்கும் போனதும் அடுப்பை மூட்டித் தண்ணீர் காயவைத்து, துணி அவிக்கிற சோடாத்தூளைப் போட்டேன். எங்கே வெட்டுவது என்று பார்ப்பதற்காகப் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன். ஒரு பக்கம் மேலே, தோளுக்குக் கீழே, பஞ்சைப் பிய்த்து வைத்தாற்போல வெள்ளை.

அந்த வெள்ளையை எனக்குத் தெரியாதா? என் கப்பல்களைத் தின்றதே, அதே பூஞ்சணம். ஈரத்தில் போட்டு மாமாவின் படத்தையும் கெடுத்துவிட்டேன்! இனி இதைத் திரும்ப வைத்தாலும் மாட்டிக்கொள்வேன். கெட்டது கெட்டுவிட்டது, கழுவுவதுதான் ஒரே வழி.

சோடாத் தண்ணீர் பட்டதும் கறுப்பு கொழகொழவென்று இளகியது. தேங்காய் மட்டையால் தேய்த்தால் கீறல் விழும் என்று ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, பழைய வேட்டித் துணியால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். முதலில் அந்த வெள்ளை இருந்த இடத்தைத்தான் தேய்த்தேன். அது என் கப்பல்களுக்குப் பரவிவிடக் கூடாதல்லவா? விலா எலும்புகள் போயின, தோள் போயிற்று, எல்லாம் கறுப்புத் தண்ணீராக வாசல் இஸ்தோப்பு வழியாகச் சாக்கடைக் கானுக்குள் ஓடியது. கையில் லேசான நீலம் ஓடிய கண்ணாடித் தகடு மிஞ்சியது.

அதைக் காயவைத்து, வெட்டி, மூன்று பக்கம் ஊசியால் தைத்தேன். தகடு எல்லாவற்றுக்கும் போதாதென்று தெரிந்ததும், உறைக்கு இரண்டு கப்பலாக முதுகோடு முதுகு சேர்த்து வைத்தேன். பெயர் மறைந்துபோனது வருத்தம்தான். ஆனால் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். விரல் முகத்தில் படாமல் படத்தை உருவ, ஒவ்வோர் உறையின் வாயிலும் அரைவட்டமாக ஒரு வெட்டு. பதினாறு உறை தைப்பதற்குள் விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. ஒன்றை எடுத்துத் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்தேன். கப்பல் நனையவில்லை. சந்தோஷத்தில் தனியாகவே சிரித்தேன்.

பெரிய டாக்டர் வந்த அன்று அம்மாவும் மாமாவும் உறையோடு போனார்கள். டாக்டர் உறையைத் திறக்க, ஈயத்தாள் வந்ததாம். டாக்டரய்யா தலையில் அடித்துக்கொண்டாராம். வேறு படம் எடுத்துக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஈயத்தாள் என்றால் யார் கைவேலை என்று அம்மாவுக்குச் சொல்லவா வேண்டும்? வந்த வேகத்தில் விளக்குமாற்றை எடுத்தாள். அதுவரை அம்மா என்னை அப்படி அடித்ததில்லை. மாமாதான் குறுக்கே விழுந்து தடுத்தார். பிறகு அம்மா டின்னைப் பறித்து, ஒரு கப்பல் உறையை எடுத்து, படங்களை உருவிப் போட்டுவிட்டு, வெறும் தகட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள், அதையும் பார்த்தாள். வெறும் தகட்டில் அம்மா என்னத்தைத் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

“ஏன்டி, கழுவுறதுக்கு முந்தி அத நல்லாப் பாத்தியா?” அடிக்கும்போது இருந்த குரல் இல்லை அது.

“பாத்தேன்.”

“நெஞ்சுப் பக்கத்துல வெள்ளையா, பொகையாட்டம் ஏதாச்சும் இருந்துச்சா?”

பூஞ்சணம் பிடிக்கவிட்டது தெரிந்துவிட்டது! திருடியதற்கு வாங்கிய அடியே இன்னும் எரிகிறது, கெடுத்ததற்கும் சேர்த்து வாங்க வேண்டுமா?

“இல்ல. ஒண்ணுமே இல்ல.”

“மாமா தலையத் தொட்டுச் சொல்லு.”

மாமா சிரித்துக்கொண்டே குனிந்து தலையைக் காட்டினார். எண்ணெய் வைத்து வாரிய அந்தத் தலையில் கையை வைத்து, “சத்தியமா ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மாமா, “பாத்தியாக்கா, பாப்பாவே பாத்துச் சொல்லிருச்சு! தூசி இருமலுக்குப் போயி ஒப்பாரி வைக்கிறியே” என்றார். சிரித்ததில் இருமல் வந்து, வெளியே போய் இருமிவிட்டு வந்தார். நாளைக்கே மறுபடி நுவரெலியாவுக்குப் போ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த அம்மா, கல்யாணம் முடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அன்றைக்கு எனக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கிடைத்தது. தப்பித்தேன் என்று குடித்தேன்.

தையில் கல்யாணம் நடந்தது. எனக்குப் புதுப் பாவாடை. அத்தை நல்ல மாதிரி, என் கப்பல்களைக் கை கழுவிவிட்டுத்தான் தொட்டாள். மறுபடி படம் எடுக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த ஆடி மழையில் மாமா ரத்தமாகக் கக்கினார். இந்த முறை படத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பெரிய டாக்டர் கைக்கே அனுப்பினார்கள். அன்றைக்கே மாமாவைத் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

லொறி கிளம்புமுன் மருந்துக் காம்பராவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய டாக்டர் புதுப் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, போன வருஷமே ஏன் வரவில்லை என்று கோபமாகக் கேட்டார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “மொதப் படத்துல ஒண்ணும் இல்லீங்கய்யா. எம்புள்ள பாத்துச்சு” என்றாள்.

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். “இவளா? என்ன பார்த்தாய்?”

எனக்குப் பயமில்லை. ஒரு தடவை சொன்னதை மாற்றுகிற ஆள் நான் இல்லை. நிமிர்ந்து நின்று, “ஒண்ணுமே இல்ல சேர்” என்று தெளிவாகச் சொன்னேன். அவ்வளவு பெரிய மனுஷர் முன்னால் மகள் தடுமாறாமல் பேசியதில், அந்த நேரத்திலும் அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்த வெள்ளை எவ்வளவு காலமாக மாமாவின் நெஞ்சில் இருந்தது என்று சொல்லக்கூடியவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். அது எனக்கே அப்போது தெரியாது.